எட்டால் வகுத்த ஊர்

கருக்கம்பாளையம் என்றோர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு சங்கு இருந்தது. அந்தச் சங்கின் ஓசை எதுவரை கேட்குமோ அதுவரைதான் ஊர் என்று அங்குள்ளவர்கள் நம்பினார்கள். வருவாய்த் துறையின் வரைபடத்தில் எல்லைக்கோடு வேறெங்கோ ஓடினாலும், கிழக்கே ரயில்வே கேட்டை ஒட்டிய பேக்கரியில் உட்கார்ந்து பன்னைத் தேநீரில் நனைப்பவனுக்குச் சங்கு கேட்டால் அவன் உள்ளூர்க்காரன், கேட்காவிட்டால் விருந்தாளி. விசைத்தறிக் கூடங்களில் ஷிப்டு மாறுவதும், பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுவதும், வீடுகளில் உலை வைப்பதும், சர்க்கரை நோயாளிகள் மாத்திரை போடுவதும் பேரூராட்சி அலுவலக மாடியில் ஊதும் அந்த மின்சாரச் சங்கை நம்பியே நடந்தன. மார்கழி மாதத்தில் சூரியன் சற்றுப் பிந்தி எழுந்தால்கூட, சங்கு முந்திவிட்டது என்று யாரும் சொன்னதில்லை, சூரியனுக்கு இன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றுதான் சொன்னார்கள். இவ்வளவு மரியாதை கொடுத்து வளர்த்த சங்கு ஒருநாள் காலத்தையே தன் போக்கில் நடத்தத் தொடங்கியபோது ஊர் பெரிதாக வியக்காததற்கு இதுவே காரணம்.

சங்கு ஊதிக்கொண்டிருந்த ஊழியர் ஓய்வுபெற்று மகள் வீட்டோடு போய்விட்டதால், இனி அது தானாகவே ஊத வேண்டும் என்று பேரூராட்சி முடிவெடுத்தது. அதற்கான மின்பலகையைச் செய்து தரும் பொறுப்பு பூங்கோதையிடம் வந்தது. பூங்கோதை மின்னணுவியல் படித்தவள். வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டு, ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களைத் தானாக இயக்கும் பலகைகளைச் செய்து விற்றுவந்தாள். நாற்பத்தைந்து வயதாகியும், பூட்டிய கதவை இழுத்துப் பார்த்து, நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கும் வழக்கத்தை விடாதவள். சங்குப் பலகையின் நடுவே நகத்தளவுக் கறுப்புச் சில்லு ஒன்றை வைத்து, எந்தெந்த வேளைக்கு ஊத வேண்டும் என்ற புரோகிராமைப் பட்டறையிலேயே தன் பழைய கருவியைக் கொண்டு அதற்குள் ஏற்றியிருந்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. அந்த வகைச் சில்லுகள், தவழும் பிள்ளையைக் கட்டில்காலில் முந்தானையால் கட்டிவைப்பதுபோல, தம் வேகத்தை எட்டால் வகுத்துக்கொண்டு மெதுவாக நடக்கும்படி ஒரு கட்டோடுதான் ஆலையிலிருந்து வரும். அந்தக் கட்டை அவிழ்த்து, பக்கத்தில் பளபளவென்று பற்றவைத்திருக்கும் கிரிஸ்டல் என்ற நடை பிசகாத படிகத்தின் துடிப்பைப் பின்பற்றச் சொல்லிவிட வேண்டும். கிரிஸ்டல் இல்லாமலும் சில்லு தன் சொந்தத் துடிப்பில் ஓடும்தான், ஆனால் அது வெயிலுக்கு ஒரு நடை, மழைக்கு ஒரு நடை நடக்கும். ஊரார் மாத்திரை போடும் நேரத்தை அதனிடம் ஒப்படைக்கப் பூங்கோதைக்கு மனமில்லை.

பொருத்துகிற வெள்ளிக்கிழமை முற்பகலில் மாடியில் கூட்டம் கூடியிருந்தது. பேரூராட்சித் தலைவர் நாச்சிமுத்து வெள்ளை வேட்டியில், சந்தனக் கிண்ணமும் கையுமாக நின்றார்.

"இன்னும் ஒரு செட்டிங் பாக்கிங்க. அஞ்சு நிமிசம் குடுத்தீங்கன்னா முடிச்சுருவேன்," என்றாள் பூங்கோதை.

"பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குது அம்மிணி. அஞ்சு நிமிசத்துக்கு நான் எங்க போவேன்? இப்ப சுவிட்சப் போட்டா ஊதுமா, ஊதாதா?"

"ஊதுமுங்க. ஆனா..."

"அவ்வளவுதானுங்களே வேணும். ஆனாவை அப்பறமாப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு, அவள் மாட்டியிருந்த கேபிளைத் தலைவரே தம் கையால் உருவி ஓரமாக வைத்தார். பலகையில் எது மிக அழகாக மின்னியதோ, அதாவது கிரிஸ்டல், அதன் நெற்றி இதுவாகத்தான் இருக்கும் என்று கருதி, நிறையச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவே குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பெட்டியை மூடிச் சுவிட்சைப் போட்டார். சங்கு ஊதியது. எல்லோரும் கைதட்டினார்கள். வந்தவர்களுக்கு வடை கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, கடைசி வரிசைக்குத் தட்டுப் போய்ச் சேர்வதற்குள், சூரியன் உச்சிக்கு ஏறி, மேற்கே சாய்ந்து, அஸ்தமித்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி விடிந்தது. அலுவலகப் படியில் பூ விற்கும் மயிலாத்தாள் கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டு, வானத்தை நிமிர்ந்து பார்த்து, "நேத்து வச்ச பூவே இன்னும் வித்தபாடில்ல, அதுக்குள்ள இன்னொரு நாளா?" என்றாள்.

பூங்கோதைக்கு உடனே புரிந்துவிட்டது. தலைவரிடம் போய், எட்டால் வகுக்கும் கட்டு அவிழ்க்கப்படவில்லை என்றும், சங்கு கேட்கும் தூரம்வரை காலம் எட்டில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுகிறது என்றும், வெளியே எட்டு நாள் கழிந்தால் இங்கே ஒரு நாள் கழியும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"எட்டா வகுத்து ஒரு பங்கு நமக்கு. செரி. மிச்சம் ஏழு பங்கு யாருகிட்ட இருக்குது?"

"அப்படியெல்லாம் யாருகிட்டயும் இல்லைங்க."

"இல்லாம எங்க போவுமுங்? பக்கத்துப் பேரூராட்சிக்காரன் மடக்கிட்டானாட்டத் தெரியுது," என்ற தலைவர், ஏழு பங்கையும் உடனடியாகத் திறந்துவிடக் கோரி அன்றைக்கே ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினார், பக்கத்து ஊரிலிருந்து பதில் தீர்மானம் அவர் பேனாவை மூடுவதற்குள் வந்து சேர்ந்தது.

ஊர் பழகிக்கொண்டது. உறங்குவதற்கும் விழிப்பதற்கும் சங்கு இருக்கும்போது சூரியனைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன என்று, அது வரும்போது ஜன்னலைச் சாத்தினார்கள், போகும்போது விளக்கைப் போட்டார்கள். சேவல்கள்தாம் பாவம், ஒவ்வொரு விடியலுக்கும் கடமை தவறாமல் கூவிக் கூவித் தொண்டை கட்டி, முடிவில் வெறும் காற்றை மட்டும் வெளியே விட்டுக் கழுத்தை நீட்டிவிட்டுப் போயின. ராகுகாலம் ஒவ்வொரு நாளும் எட்டு முறை வந்தது, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு செருப்பைக் கழற்றி மாட்டும் நேரமே இருந்ததால், புறப்பட்டவர்கள் வாசலில் சற்று நின்று, அது கடந்துபோனதும் நடந்தார்கள். புரட்டாசி மாதம் நாலு நாளில் முடிந்துவிட, கறிக்கடை குப்புராஜ் ஆனந்தம் தாளாமல் கருப்பராயனுக்குக் கிடா நேர்ந்துகொண்டார். ஏகாதசி விரதக்காரர்கள் பசி தொடங்கும் முன்னரே மோட்சம் பெற்றார்கள். தீபாவளிக்குத் தைத்த சட்டையின் மடிப்புக் கலையுமுன் அடுத்த தீபாவளி வந்ததால் ஒரே சட்டை மூன்று தீபாவளிக்குப் புதுச்சட்டையாக இருந்தது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண் ஒருத்திக்கு வெளியூரிலிருந்து மாமியார் ஆள்மேல் ஆள் விட்டு, "ரெண்டு வருசமா மாசமா இருக்கறவள ஒலகத்துல எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரயில்வே கேட் பேக்கரியில் அடுப்பு சங்கொலிக்கு வெளியேயும் பெஞ்சுகள் உள்ளேயும் அமைந்துவிட்டதால், தேநீர் சொல்ல வாய் திறக்கும்போதே தேநீர் வந்து நின்றது, சற்றுச் சுதாரிக்காமல் இருந்தால் ஆறியும் போனது.

ஊருக்கு இதெல்லாம் சௌகரியமாகவே இருந்தது. சௌகரியமில்லாமல் போனது பூங்கோதையின் வீட்டில்.

அவளுடைய கணவர் தாமோதரன் ரயில்வே கேட்டுக்கு அப்பால், சங்கு எட்டாத தொலைவில் இருந்த நூற்பாலையில் கணக்கு மேலாளர். காலையில் அவர் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால், இவள் சட்னி ஜாரைக் கழுவி, துணியை ஊறவைத்து, பட்டறைப் பூட்டைத் திறப்பதற்குள், நாள் முழுக்க உழைத்துக் களைத்த முகத்தோடு இராச்சாப்பாட்டுக்கு வந்து நிற்பார். சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால், ஒரு கனவு முழுமையாக ஓடி முடியுமுன் வெளியே விடிந்து, ஆலையின் வேன் கேட்டருகில் நின்று ஹார்ன் அடிக்கும். உடம்பு தாங்காமல் அவர் ஆலைக் குடியிருப்பிலேயே தங்கத் தொடங்கினார். விடுமுறை கிடைக்கும்போது வருவார். வரும் ஒவ்வொரு முறையும், கிருதாவில் தொடங்கிய நரை, ஈரம் சுவரில் ஏறுவதுபோல, இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். ஆறு வயது மூத்தவரைக் கட்டிக்கொண்டவள் அவள். சங்குக் கணக்கில் ஐந்து மாதம்கூட நிறையாத நிலையில் அவர் ஒன்பது வயது மூத்தவராகிவிட்டார். இப்படியே போனால் அடுத்த ஆண்டு அவருக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டியிருக்கும், மணையில் பக்கத்தில் உட்காரும் மணமகளுக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகியிருக்கும். அதற்கடுத்த ஆண்டுகளைப் பூங்கோதை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தொடங்கிய இடத்திலேயே மனத்தை இழுத்துப் பூட்டிக்கொண்டாள்.

வேலையை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடச் சொல்லலாம் என்றால், கல்லூரியில் படிக்கும் மகனின் செலவு வெளியூர்க் காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இவள் வெளியே போய்விடலாம் என்றால், பலகையின் பாஷை தெரிந்தவர் ஊரில் வேறு யாருமில்லை. பழைய சில்லைப் பிடுங்கிவிட்டுப் புதிய சில்லை வைக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். வைக்கலாம்தான், ஆனால் பிடுங்கிய கணத்தில் காலமே நின்றுவிடும், புதியதை வைக்க வேண்டிய கையும் அங்கேயே நின்றுவிடும். ஒருமுறை மின்சாரம் போய், பலகையின் பேட்டரியும் தீர்ந்தபோது அப்படித்தான் ஆயிற்று. ஊருக்குள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, மின்வாரியம் வெளியே இருந்து கோளாறைச் சரிசெய்யும்வரை கருக்கம்பாளையம் முழுவதும் ஓங்கிய கையும் ஊற்றிய பாலுமாக அந்தரத்தில் நின்றது என்று பேக்கரிக்காரர் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்தது. ஆகவே ஓடும் சில்லை ஓடவிட்டபடியே, கேபிள் வழியாக அதனோடு பேசி, கட்டை அவிழ்க்க வேண்டும். அதற்குத்தான் சில்லு இசையவில்லை.

தலைவர் கேபிளை உருவிய இழுப்பிலேயே பழைய கருவி பழுதாகிவிட, பூங்கோதை புதிதாக ஒன்றை வரவழைத்திருந்தாள்; மின்னல்போல வேலை செய்யும் என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான். அதை மடிக்கணினியில் செருகிச் சில்லைக் கூப்பிட்டபோதெல்லாம் திரையில் ஒரே பதில் வந்தது: சில்லு பதிலளிக்கவில்லை. கேபிளை மாற்றினாள். ஒவ்வொரு பற்றவைப்பையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மின்னழுத்தத்தை அளந்தாள். வேறு கணினி கொண்டுவந்தாள். சில்லு செத்துவிட்டதோ என்றால், அதே சில்லுதான் வேளை தவறாமல் சங்கை ஊதி ஊரையே நடத்திக்கொண்டிருந்தது.

"நம்மளுக்கு மட்டுந்தான் காது கேக்காத மாதிரி நடிக்குது," என்றாள், தினமும் மாடிக்கு வந்து வேடிக்கை பார்க்கும் மயிலாத்தாள். "எங்கூட்டுக்காரரும் இப்படித்தான். நான் கூப்பிட்டா செவிடு. பக்கத்து ஊட்ல டம்ளர் உருண்டா மொதல்ல ஓடுவாரு."

"எலுமிச்சம்பழம் சுத்திப் பாக்கலாமுங்களா?" என்றார் தலைவர். அவருக்கும் அவசரம் இருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஜெயித்த பதவி அரை ஆண்டில் கரைந்துகொண்டிருந்தது.

பழம் சுற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், தெற்கு பார்த்திருந்த பலகையைக் கிழக்கு பார்க்கத் திருப்பினார்கள். பூங்கோதை எதையும் மறுக்கவில்லை. ஒவ்வொன்றும் முடிந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டாள். சில்லு பதிலளிக்கவில்லை.

அப்படியான ஒரு முற்பகலில், வெளிச்சம் வருவதும் போவதுமாக இருந்தபோது, கைபேசி அடித்தது. தாமோதரன். வெளியிலிருந்து பேசுபவர்களின் குரல் ஊருக்குள் கொசு ரீங்காரம்போலக் கேட்கும், உள்ளிருந்து பேசுபவர்களின் குரல் வெளியே யானை உறுமுவதுபோலக் கேட்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதனால் பலரும் தொலைபேசுவதையே விட்டுவிட்டார்கள். தாமோதரன் விடவில்லை. ஆலைக் கிடங்கின் மூலையில் நின்று, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் அடித்தொண்டையில் எடுத்து இழுத்து இழுத்துப் பேச அவர் தாமாகவே பழகியிருந்தார். கணக்கர் ஐயா இந்த வயதில் பாட்டுக் கற்றுக்கொள்கிறார் என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கு மறந்துபோய், எடுத்தவுடன் ரீங்கரித்தார்.

"ஏனுங், ஒண்ணும் வெளங்கல. மெதுவாங்க," என்றாள் பூங்கோதை.

சற்று இடைவெளி. மூச்சிழுக்கும் சத்தம். பிறகு, கிணற்றடியிலிருந்து வாளி ஏறி வருவதுபோல, ஒவ்வோர் எழுத்தாக: "சாப்... ட்டி... யா... கோ... தை..."

"சாப்பிட்டேனுங்க," என்று சொல்ல வாய் திறந்தவள் சொல்லாமல் நின்றாள். அவள் பார்வை மின்னல் வேகப் புதுக் கருவியின்மேல் போய் விழுந்தது. சில்லு செவிடும் இல்லை, பிடிவாதமும் இல்லை. எட்டில் ஒரு பங்கு வேகத்தில் மூச்சுவிடும் ஒன்றிடம் போய், அதன் முழு வேகத்துக்கு உரிய அவசரத்தில், இத்தனை நாளும் கொசுவைப்போல ரீங்கரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பழைய கருவி சோம்பேறி. அதனால்தான் பட்டறையில் அதற்குப் பதில் கிடைத்தது.

"எ... ன்... னா... ச்சு..." என்றது கைபேசி.

"ஒண்ணுமில்லைங்க. நீங்க ரொம்ப நல்லாப் பேசுறீங்க," என்றாள்.

கருவியின் பேச்சு வேகத்தைக் குறைக்க மென்பொருளில் ஓர் இடம் உண்டு. சில்லின் துடிப்பில் கால் பங்குக்கும் கீழே வரும்படி அதைக் குறைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை கூப்பிட்டாள். திரையில் முதலில் எதுவும் வரவில்லை. பிறகு சில்லு தன் பெயரை, தனக்குப் பிறப்பிலேயே பொறிக்கப்பட்ட எண்களை, ஒவ்வொன்றாகச் சொன்னது. பூங்கோதை அவற்றைச் சில்லின் குறிப்புத் தாளோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தும் மறுபடி ஒப்பிட்டாள்.

செய்தி பரவி மாடி நிறைந்துவிட்டது. இனி ஓர் அமைப்பை மாற்றி எழுதினால் போதும்; ஆனால் எழுதிய கணத்திலிருந்து சில்லு தன் சொந்தத் துடிப்பை விட்டுக் கிரிஸ்டலின் துடிப்பைத்தான் நம்பும். பூங்கோதை குனிந்து கிரிஸ்டலைப் பார்த்தாள். தலைவர் அப்பிய சந்தனம் காய்ந்து, அதன் இரண்டு கால்களையும் ஒன்றாகப் பிணைத்து ஓடாக இறுகியிருந்தது.

"இது துடிக்காம போச்சுன்னா என்னாகுமுங்?" என்றார் தலைவர்.

"ஒண்ணும் ஆகாதுங்க."

"அப்பறம் என்ன பயம்?"

"ஒண்ணுமே ஆகாதுங்க, தலைவரே. அதுக்கப்பறம் எப்பவுமே, எதுவுமே."

தலைவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பூங்கோதை ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும் எடுத்தபோது மயிலாத்தாள் அவள் கையைப் பிடித்தாள். இதுவரை வேடிக்கை பேசியவளின் முகத்தில் இப்போது வேடிக்கை இல்லை. "கோதை, சாமிக்குன்னு வச்ச பொட்டு. சுமங்கலி கையால அழிக்கக் கூடாது கண்ணு. வேற யாரையாச்சும் விட்டுத் தொடைக்கச் சொல்லு."

கூட்டத்தில் எல்லோரும் அவரவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தலைவரும்.

பூங்கோதை யோசித்தாள். அவள் இத்தனை நாளும் இந்த மாடியேறி வந்தது எந்தப் பொட்டுக்காக என்பது மயிலாத்தாளுக்கும் தெரியும். "அழிக்கலைங்க்கா. எடம் மாத்தறேன், அவ்வளவுதான்," என்றாள். மயிலாத்தாளின் கூடையிலிருந்தே குங்குமம் கேட்டு வாங்கி, முதலில் பெட்டியின் வெளிமூடியில், எந்த மின்னோட்டமும் போகாத தகரத்தில், பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். சாமி அங்கே போய் அமர்ந்துகொள்ளச் சற்று நேரம் கொடுத்தாள். பிறகு காலியான பழைய இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தாள், ஊதினாள், பூதக்கண்ணாடியில் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள்.

எல்லாம் தயாரானதும் தாமோதரனைக் கூப்பிட்டாள். கிரிஸ்டல் துடித்தால் எல்லாம் சரியாகிவிடும், துடிக்காவிட்டால் ஊரோடு அவளும் நின்றுவிடுவாள், ஆகவே அவர் கேட்டுக்கு வெளியிலேயே இருக்க வேண்டும், மகன் வெளியே இருக்கிறான், அவனுக்கு ஒருவராவது வேண்டும் என்று, அவருக்குப் புரியும்படி விரைவாகச் சொன்னாள். பதில் வரவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதைப் பையில் வைப்பதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஆலையிலிருந்து புறப்பட்டு, வண்டி பிடித்து, கேட்டைத் தாண்டி வந்துசேர அவருக்கு ஆன நேரம் அவளுக்கு அவ்வளவுதான். மேல்மூச்சு வாங்க, நரைத்த தலையோடு வந்து, அவள் பக்கத்தில் கிடந்த பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெளியிலதான இருக்கச் சொன்னேன்."

"பையனுக்கு வெவரமா எழுதிப் போட்டாச்சு, பேங்கு புஸ்தகம் எங்க இருக்குதுன்னும் சொல்லியாச்சு. அவன் கெட்டிக்காரன்," என்றார் தாமோதரன். "ஓடுனா சேந்து ஓடலாம் கோதை. நின்னா சேந்தே நின்னுக்கலாம். நீ அமுத்து."

"உங்க தலையில வெள்ளை ஏறிக்கிட்டே போகுதுங்க."

"அதான் அமுத்துன்னு சொல்றேன்."

அவள் மூடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கேபிளை இழுத்துப் பார்த்தாள். அவருடைய கை தன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள். பிறகு அழுத்தினாள்.

மேற்கே விழுந்தடித்து ஓடிக்கொண்டிருந்த சூரியன், பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தயங்கி, தறிக்கூடத்து ஓட்டுக் கூரையின்மேல் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலமே நின்றுவிட்டதோ என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது மயிலாத்தாளின் கூடையிலிருந்து ஒரு மல்லிகை உருண்டு கீழே விழுந்தது. அது விழுந்ததைக் கண்டு ஊர் பெருமூச்சுவிட்டது. சூரியன் நிற்கவில்லை, நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஓடுகளின்மேல் மஞ்சள் வெயில் படிந்து, செம்மஞ்சளாகி, அவசரமில்லாமல் சிவந்தது. மாலை என்று ஒன்று உண்டு என்பதையே மறந்துபோயிருந்த பிள்ளைகள், இது என்ன புது வெளிச்சம் என்று கேட்டார்கள்.

சேவல்களுக்கு மட்டும் பழக்கம் போக ஒரு வாரம் ஆயிற்று. மாமியார்க்காரி பேத்தியைப் பார்க்க வந்து, இத்தனை காலம் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு ஏன் பல் முளைக்கவில்லை என்று சண்டை பிடித்தார். தலைவர், இதுவரை ஊருக்கு வராத ஏழு பங்கைத் தவணை முறையிலாவது தரும்படி பக்கத்துப் பேரூராட்சிக்கு நினைவூட்டல் அனுப்பினார். இந்தமுறை பதில் வரவே இல்லை. தாமோதரனின் நரையில் எதுவும் குறையவில்லை, ஏறியது ஏறியதுதான். ஒன்பது வயது மூத்தவர் ஒன்பது வயது மூத்தவராகவே, தினமும் மாலை ஆறு மணிக்கு, மாலையாக இருக்கும்போதே, வீட்டுக்கு வந்தார்.

வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, அடித்தொண்டையில், ஒவ்வோர் எழுத்தாக, "சாப்... ட்டி... யா... கோ... தை..." என்பார். இனி அப்படிப் பேச வேண்டியதில்லை என்பது அவருக்கு மறந்துபோயிற்றா, பழக்கம் விடவில்லையா என்று தெரியவில்லை. எந்த அமைப்பு எந்த இடத்தில் பிசகியிருந்தாலும் கண்டுபிடித்துத் திருத்தாமல் ஓயாத பூங்கோதை, அதை மட்டும் திருத்தவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை கையிலிருக்கும் வேலையை நிறுத்தி, வாசல்நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.